கை வீக்கத்துக்கு வலுக்குறைந்த லேசர்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும்போது, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் பலருக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. கையில் புண் வந்தால் ‘நெறி கட்டியிருக்கு’ என்கிறோமே, அந்தக் கணுக்கள்தான். புற்று முதலில் பரவுவது பெரும்பாலும் அவ்வழியாகத்தான். ஆனால் கையின் திசுக்களில் கசியும் நீர் இரத்தத்துக்குத் திரும்புவதும் அதே வழியில். அது அடைபட்டால் நீர் கையிலேயே தேங்குகிறது. யானைக்கால் நோயில் புழுக்கள் காலுக்குச் செய்வதை, இங்கே உயிர்காத்த சிகிச்சையே கைக்குச் செய்துவிடுகிறது. கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வரும்.

இதற்கு லேசரா? லேசர் என்றால் சுடும், அறுக்கும் என்றுதானே பழகியிருக்கிறோம்! 1960இல் முதல் லேசர் பிறந்தது. சில ஆண்டுகளில், புடாபெஸ்ட் மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக எலிகளின் முதுகு மயிரை மழித்து, வலுக்குறைந்த லேசரைப் பாய்ச்சினார். ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் விரைவாக முளைத்தது. சுடாத ஒளி திசுவைத் தூண்டுகிறது என்று அவர் கண்டுகொண்டது அப்படித்தான்.

கை வீக்கத்துக்குப் பயன்படுவது பெரும்பாலும் 904 நானோமீட்டர் அலைநீள ஒளி. கண்ணுக்குத் தெரியாது, தோலில் சூடும் உறைக்காது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், அக்குளில் 17 புள்ளிகளில் புள்ளிக்கு ஒரு நிமிடம், வாரம் மூன்று முறை, மூன்று வாரம் கொடுத்தார்கள்; அது ஒரு சுற்று. ஒப்பிட, வேறு சிலருக்கு ஒளி வராத போலிச் சிகிச்சை. உடனடியாக எதுவும் தெரியவில்லை. இரண்டு சுற்று முடிந்து இரண்டு மூன்று மாதம் போன பிறகு, லேசர் பெற்றவர்களில் சுமார் 31 சதவீதத்தினரின் கை 200 மில்லிலிட்டருக்கு மேல் வற்றியிருந்தது. எனக்கு வியப்பே இந்தத் தாமதம்தான். ஒளி நீரை வெளியே தள்ளியிருந்தால் அன்றைக்கே கை வற்றியிருக்கும். மாதக்கணக்கில் ஆகிறதென்றால், திசுவே மெல்ல மாறியிருக்க வேண்டும். செல்களின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியா ஒளியை உறிஞ்சுவதாகவும், தழும்பு இளகுவதாகவும், புதிய நிணநீர்க் குழாய்கள் துளிர்ப்பதாகவும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2006இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்கான கருவியை அனுமதித்தது. ஆனாலும் ஆஸ்திரேலிய ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த அளவு பலன் கிட்டவில்லை என்பதை மறக்கக் கூடாது. கைக்கு இறுக்கமான அழுத்த உறை, கட்டு, மென்மையான நிணநீர் மசாஜ், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவையே இன்றும் அடிப்படைச் சிகிச்சை. லேசர் அவற்றுக்குத் துணை; மாற்று அல்ல. புற்று இன்னும் இருக்கும் இடத்தில் அதைப் பாய்ச்சுவதைத் தவிர்ப்பார்கள்.

சிகிச்சை முடித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜாக்கெட் கை ஒரு பக்கம் மட்டும் இறுகினாலோ, வளையல் ஏறாவிட்டாலோ, ‘உயிர் பிழைத்ததே போதும், இதையும் போய்ச் சொல்வதா’ என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கத்திலேயே காட்டினால் வீக்கத்தைக் கட்டுக்குள் வைப்பது எளிது. கை சிவந்து, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.