மாற்று வன்தட்டைப் பிரித்தலும் பகிர்தலும்

அலுவலக வழங்கியில் (சர்வரில்) பழுதான வன்தட்டுக்குப் பதிலாகப் பொருத்தப்படும் புதிய வன்தட்டு மாற்று வன்தட்டு எனப்படும். அதைப் பொருத்துவது சில நிமிட வேலைதான். ஆனால் ஊழியர்கள் அதில் கோப்புகளைச் சேமிக்க வேண்டுமெனில் பிரித்தல், கோப்பு முறைமை அமைத்தல், இயக்குதளத்துடன் இணைத்தல், வலையமைப்பில் பகிர்தல் ஆகிய வேலைகள் முடிய வேண்டும். லினக்சு இயக்குதளமும் சாம்பா மென்பொருளும் கொண்ட சிறிய வழங்கி ஒன்று இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. ஊழியர்களின் கணினிகளில் இருப்பது விண்டோசு.

சரியான தட்டை அறிதல்

தரவு இழப்பு பெரும்பாலும் நேரக்கூடிய இடம் இதுவே. லினக்சு தட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி எனப் பெயரிடுகிறது. இப்பெயர்கள் நிலையானவை அல்ல. மறுமுறை கணினியை இயக்கும்போது இடம் மாறலாம். நேற்று எஸ்டிபி என இருந்தது இன்று வேறு தட்டாக இருக்கக்கூடும். எனவே தட்டின் மேல் ஒட்டியுள்ள சீட்டிலிருந்து வரிசை எண்ணைப் பொருத்துமுன்பே குறித்துக்கொண்டு, 'எல்எஸ்பிஎல்கே' கட்டளை காட்டும் வரிசை எண்ணுடன் ஒப்பிட வேண்டும். இரு தட்டுகளும் ஒரே நிறுவனத்தின் ஒரே கொள்ளளவு கொண்டவை என்றால் கொள்ளளவைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

பிரிப்பதற்கான கருவிகளும் ஒன்றுபோல் நடப்பதில்லை. 'எஃப்டிஸ்க்' கருவியில் எழுதுக என்று ஆணையிடும் வரை தட்டில் எதுவும் மாறாது. 'பார்ட்டட்' கருவியோ ஒவ்வொரு கட்டளையையும் உடனுக்குடன் எழுதிவிடும்.

பிரித்தல்

தட்டில் எந்தப் பிரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சொல்லும் அட்டவணை இருவகைப்படும். 1983-இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த எம்பிஆர் முறை 32 பிட் எண்களைப் பயன்படுத்துகிறது. 512 பைட் துண்டங்கள் கொண்ட தட்டில் ஏறத்தாழ 2.2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை இம்முறையால் கையாள முடியாது. 4 டெராபைட் தட்டை இம்முறையில் பிரித்துவிட்டு மீதி எங்கே போயிற்று என்று தேடுவோர் உண்டு. ஜிபிடி முறைக்கு இந்த வரம்பு இல்லை. அட்டவணையின் இன்னொரு படியையும் அது தட்டின் இறுதியில் வைத்திருக்கிறது. புதிய தட்டுக்கு ஜிபிடியே ஏற்றது.

இயக்குதளம் வேறு தட்டில் இருந்தால், தரவுத் தட்டுக்கு ஒரே பிரிவு போதும். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று எனத் துண்டாடினால், ஒன்று நிரம்பி வழியும்போது மற்றொன்று காலியாகக் கிடக்கும். துறைவாரியாகப் பிரிக்கக் கோப்புறைகளே போதுமானவை.

4 டெராபைட் என்பது உற்பத்தியாளர் கணக்கில் 4 லட்சம் கோடி பைட். விண்டோசு 1024-இன் மடங்குகளில் கணக்கிடுவதால் அதையே ஏறத்தாழ 3.6 எனக் காட்டும். இது குறைபாடன்று. மேலும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழக்கமாக 5 விழுக்காடு இடத்தை நிர்வாகிக்கென ஒதுக்கிவைக்கிறது. தரவுத் தட்டில் இந்த ஒதுக்கீட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இணைத்தல்

லினக்சில் புதிய பிரிவு ஒரு வெற்றுக் கோப்புறையின் மேல் இணைக்கப்படுகிறது. 'எஃப்எஸ்டேப்' கோப்பில் எஸ்டிபி போன்ற பெயருக்குப் பதிலாகப் பிரிவின் நிலையான அடையாள எண்ணான யுயுஐடியை எழுத வேண்டும்.

இங்கே வெளியில் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. தட்டு இணையாவிட்டாலும் வழங்கி தொடர்ந்து இயங்கட்டும் என்று 'நோஃபெயில்' என்ற சொல்லை அந்த வரியில் சேர்ப்பது வழக்கம். அப்படி ஒருநாள் தட்டு இணையாமல் போனால் அந்த வெற்றுக் கோப்புறை மட்டும் அப்படியே இருக்கும். ஊழியர்கள் சேமிப்பவை அனைத்தும் சிறிய இயக்குதளத் தட்டில் போய் விழும். அது நிரம்பினால் வழங்கியே தடுமாறும். பிறகு தட்டு சரியாக இணைந்ததும் அன்று சேமித்த கோப்புகள் அதன் அடியில் மறைந்துவிடும். அழிந்துவிட்டன என்றே ஊழியர்கள் எண்ணுவர். பிரிவை இணைப்பதற்கு முன்பே வெற்றுக் கோப்புறையை 'சிஹெச்ஆட்டர்' கட்டளையால் மாற்ற முடியாததாகப் பூட்டி வைத்தால், தட்டு இல்லாதபோது எதுவும் எழுதப்படாமல் பிழைச்செய்தி வரும்.

பகிர்தல்

விண்டோசு கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் நெறிமுறை எஸ்எம்பி. அதை யுனிக்சு வகைக் கணினிகளுக்குக் கொண்டுவந்த சாம்பாவை 1991-இன் இறுதியில் ஆஸ்திரேலியரான ஆன்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கினார். எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் வரிசையாக வரும் சொல்லைத் தேடியபோது கிடைத்ததே சாம்பா என்ற பெயர்.

பகிர்ந்த கோப்புறைக்கு இரண்டு பூட்டுகள் உள்ளன. ஒன்று சாம்பாவின் அமைப்புக் கோப்பில் தரப்படும் அனுமதி. மற்றொன்று கோப்பு முறைமையில் உள்ள உரிமை. இரண்டும் திறந்தால்தான் எழுத முடியும். காப்புப் படியிலிருந்து கோப்புகளை நிர்வாகியாக நகலெடுக்கும்போது உரிமையாளர் விவரத்தைக் காக்காவிட்டால் எல்லாக் கோப்புகளும் நிர்வாகிக்குச் சொந்தமாகிவிடும். ஊழியர்களால் திறக்க முடியும், திருத்த முடியாது. எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்து இதைத் தீர்ப்பது சம்பளப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குச் சமம். ஒரு துறையினரை ஒரு குழுவாக்கி, புதிய கோப்புகளும் அக்குழுவுக்கே உரியனவாகும்படி கோப்புறையில் 'செட்ஜிஐடி' குறியை இடுவதே முறை.

பகிர்வின் பெயரும் உள்ளே உள்ள பாதையும் பழையபடியே இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் ஊழியர்களின் கணினியில் உள்ள குறுக்குவழிகளும், ஒரு எக்செல் கோப்பு மற்றொன்றைச் சுட்டும் இணைப்புகளும் அறுந்துவிடும்.

சோதனையை நிர்வாகியின் கணக்கில் செய்வதில் பயனில்லை. ஒரு ஊழியரின் கணினியில் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதே துறையின் இன்னொருவர் அதைத் திருத்தவும் நீக்கவும் முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். வேறு துறையினரால் திறக்க முடியவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். கழற்றிய பழைய தட்டை, மீட்ட கோப்புகளைத் துறையினர் சரிபார்த்து முடிக்கும் வரை வரிசை எண்ணும் தேதியும் எழுதி எடுத்துவைப்பது நல்லது.