கொலை நடந்த தெருவில் நடக்கும் முன்

உலகின் பெருநகரங்கள் பலவற்றில் ஒருவகைச் சுற்றுலா செழித்து வளர்ந்துள்ளது. பழைய நாளில் கொலையும் கொள்ளையும் நடந்த தெருக்களின் வழியே வழிகாட்டி ஒருவர் கதை சொல்லிக்கொண்டு முன்னே நடப்பார். கட்டணம் செலுத்தியோர் அவரைப் பின்தொடர்ந்து செல்வர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இந்த நடை நீடிக்கும். பெரும்பாலும் இருட்டிய பின்னரே தொடங்கும்.

"தாராபுரத்தில் வாழும் நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?" என்று வாசகர்கள் வினவலாம். தொடர்பு உண்டு. பின்னலாடை ஏற்றுமதியின் பொருட்டும் மேற்படிப்பின் பொருட்டும் திருப்பூர் வட்டாரத்துப் பிள்ளைகள் கடல் கடந்து செல்கின்றனர். அவர்களைக் காணப் பெற்றோரும் செல்கின்றனர். இலண்டன் மாநகரில் கிடைக்கும் ஓர் ஓய்வு மாலையில், "வாருங்கள், பார்த்து வருவோம்" என்று மகனோ மருமகளோ அழைக்கும்போது, எதைத் தேர்வது, எதைத் தவிர்ப்பது என்று அறிந்திருத்தல் நலம். நம் நாட்டிலும் பழைய ஊர்களைக் கால்நடையாகவே சுற்றிக் காட்டும் வழக்கம் பரவியுள்ளது. சென்னையில் ஆகஸ்டு 22-ஆம் நாளையொட்டி ஆண்டுதோறும் இத்தகைய மரபுநடைகள் நிகழ்கின்றன. பழைய வழக்குகளின் கதைகள் அங்கும் தலைகாட்டுவது இயல்பே.

பிறர் பட்ட துன்பத்தை நாம் காசு கொடுத்துக் காணலாமா? இக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடை கூறிவிட முடியாது. யாரைக் காணச் செல்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

ஐந்து பெண்கள்

இவ்வகை நடைகளுள் மிகவும் பெயர்பெற்றது கிழக்கு இலண்டனிலுள்ள ஒயிட்சாப்பல் பகுதியில் நடப்பதாகும். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 முதல் நவம்பர் 9 வரை அங்கே ஐந்து பெண்கள் கொல்லப்பட்டனர். கொன்றவன் யாரென இன்றுவரை நிறுவப்படவில்லை. ஆயினும் செய்தித்தாள்கள் பரப்பிய 'ஜாக் த ரிப்பர்' என்னும் பட்டப்பெயரை உலகமே அறியும். அப்பெண்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மன், எலிசபெத் ஸ்டிரைடு, கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி என்பன அப்பெயர்கள். நிக்கல்ஸ் ஐந்து பிள்ளைகளைப் பெற்ற தாய். அச்சுத் தொழிலாளி ஒருவரின் மனைவி. சாப்மன் குதிரைவண்டி ஓட்டுநரின் மனைவியாயிருந்தவர். ஸ்டிரைடு சுவீடன் நாட்டு உழவர் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புத் தேடி இலண்டன் வந்தவர். வறுமையும் குடும்பப் பிரிவும் குடிப்பழக்கமும் சேர்ந்து இவர்களைத் தெருவுக்குத் தள்ளின. நிக்கல்ஸ் இறந்த இரவில், தங்கும் விடுதியில் ஒரு படுக்கைக்குச் செலுத்த வேண்டிய நான்கு பென்சு அவரிடம் இல்லை. வெளியே அனுப்பப்பட்டவர் திரும்பி வரவேயில்லை.

ஹாலி ரூபன்ஹோல்டு என்னும் வரலாற்றாசிரியை 2019-இல் வெளியிட்ட நூல் இந்த ஐவரின் வாழ்க்கையை மட்டுமே ஆராய்ந்தது. ஐவருமே விலைமாதர் என்று நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வந்த கூற்றுக்கு, அவர்களுள் மூவரைப் பொறுத்தவரை சான்றில்லை என்று அவர் வாதிட்டார். அப்பகுதியிலுள்ள பழைய மதுக்கடை ஒன்று 1976 முதல் 1988 வரை கொலைகாரனின் பட்டப்பெயரையே தன் பெயராகச் சூடியிருந்தது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்துப் போராடிய பின்னரே பழைய பெயருக்குத் திரும்பியது. 2015-இல் கேபிள் தெருவில் கிழக்கு இலண்டன் மகளிர் வரலாற்றுக் காட்சியகம் என்று கூறி அனுமதி பெறப்பட்டது. திறந்தபோது அது அக்கொலைகாரனைப் பற்றிய காட்சியகமாயிருந்தது கண்டு மக்கள் கொதித்தெழுந்தனர்.

ஆகவே நடையைத் தேர்வோர் முதலில் விளம்பரத்தையே உற்று நோக்க வேண்டும். கத்தியும் இரத்தமும் தொப்பியணிந்த நிழலுருவமும் மட்டுமே அதில் உள்ளனவா? இறந்த பெண்களின் பெயர்கள் ஓரிடத்திலேனும் உள்ளனவா? பெயரே சொல்லாத நடையில் மனிதர்களைக் காண இயலாது.

தையல் தொழிலாளி ஒருவர்

அதே ஒயிட்சாப்பல் பகுதியில் இன்னொரு கொலையும் நடந்தது. அல்தாப் அலி என்பவர் வங்காளதேசத்திலிருந்து வந்து ஆடைத் தொழிலில் உழைத்துவந்த இளைஞர். 1978-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் மாலை வேலை முடிந்து வீடு திரும்புகையில், நிறவெறி கொண்ட இளைஞர்கள் அவரைக் குத்திக் கொன்றனர். பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7000 பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னே பிரதமரின் இல்லம் நோக்கி அணிவகுத்தனர். அவர் விழுந்த இடத்தையடுத்த பூங்கா 1998-இல் அவர் பெயரைப் பெற்றது.

தையல் இயந்திரத்தின் முன் நாளெல்லாம் அமர்ந்து, மாலையில் பேருந்தேறி ஊர் திரும்பும் மகனும் மகளும் நம் வீடுகளில் எத்தனையெத்தனை பேர்! அவர்களுக்கு அல்தாப் அலி அயலார் அல்லர். 1888-இன் கதையைக் கேட்கச் செல்லும் கூட்டங்கள் அந்தப் பூங்காவுக்கு மிக அருகில் நடக்கின்றன. வழிகாட்டி அங்கே ஒரு நிமிடம் நின்று அவர் பெயரைச் சொன்னால், அவர் நல்ல வழிகாட்டி என்று துணிந்து கூறலாம். சொல்லாவிடினும் நாமே அங்கு சென்று நிற்கலாம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

தீராத வழக்கும் தீர்ப்புச் சொல்லும் வழிகாட்டியும்

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1944-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரிப் பகுதியில் ரிக்‌ஷாவில் சென்றுகொண்டிருந்த இலட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகையாளர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். திரையுலகத்தினரின் அந்தரங்கங்களை எழுதி அவர்களின் பகையைத் தேடிக்கொண்டவர் அவர். இவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதர், என். எஸ். கிருஷ்ணன், கோவை பட்சிராஜா நிறுவனத்தின் ஸ்ரீராமுலு நாயுடு முதலியோர் கைதாயினர். நாயுடு விசாரணையிலேயே விடுதலை பெற்றார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து, 1947-இல் இருவரும் குற்றமற்றவர்களென விடுவிக்கப்பட்டனர்.

அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. கிருஷ்ணன் மீண்டும் திரையில் ஒளி வீசினார். 'ஹரிதாஸ்' படத்தால் புகழின் உச்சியில் நின்ற பாகவதரோ பழைய நிலையை மீண்டும் எட்டவேயில்லை, 1959-இல் காலமானார். கொன்றவர் யாரென்பது இறுதிவரை நிலைநாட்டப்படவில்லை.

இதிலிருந்து நாம் கற்பது யாது? "உண்மையில் இதைச் செய்தவர் இன்னார்தான், எனக்கு மட்டுமே தெரியும்" என்று தெருமுனையில் நின்று முழங்கும் வழிகாட்டியிடமிருந்து விலக வேண்டும் என்பதே. நீதிமன்றம் விடுவித்தவரைக் கூட்டத்தின் கைதட்டலுக்காக மீண்டும் கூண்டில் ஏற்றுவது பெரும்பழி. நல்ல வழிகாட்டி, "ஆவணத்தில் உள்ளது இது, ஊரார் பேசியது இது" என்று இரண்டையும் பிரித்துக் காட்டுவார். கட்டடங்கள் மறைந்துபோயிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வார்.

ஒரே மேடை, இரு கண்ணீர்

மணியாச்சி இரயில் நிலையத்தில் 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் துரையை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தம்மையும் மாய்த்துக்கொண்டார். இன்று அந்த நிலையம் வாஞ்சி மணியாச்சி என்று வழங்குகிறது. அரசாங்க ஏட்டில் அன்று கொலை. மக்கள் நினைவில் தியாகம். ஆஷின் மனைவி அதே இரயில் பெட்டியில் கணவர் அருகிலேயே அமர்ந்திருந்தார் என்பதும், வாஞ்சிநாதனுக்கும் இளம் மனைவி இருந்தார் என்பதும் வரலாற்றின் பகுதிகளே. விடுதலை வேட்கையைப் போற்றுவோர் இதைக் கேட்பதால் சிறுமையடைய மாட்டார்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்லும் நடை, பாதி வழியிலேயே நின்றுவிட்ட நடை.

கொலையுண்ட இடத்தைக் காணச் செல்வது நம் மக்களுக்குப் புதிதன்று. 1693-இல் புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூருக்கும், 1752-இல் புனித தேவசகாயம் சுடப்பட்ட காற்றாடி மலைக்கும் நாம் காலங்காலமாகச் செல்கிறோம். வெட்டியவனின் பெயரைக் கேட்க அங்கு எவரும் செல்வதில்லை. இறந்தவரே அங்கு நடுவில் நிற்கிறார். இந்த அளவுகோலை எந்த நடைக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

முன்பதிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

குடும்பத்தோடு செல்ல விரும்புவோர் கீழ்க்கண்டவற்றை முன்கூட்டியே கேட்டறிய வேண்டுகிறோம்.

1. நிகழ்ச்சி எக்காலத்தது? இறந்தவரின் பெற்றோரோ பிள்ளைகளோ உயிரோடு வாழும் அண்மைக்காலக் கொலையை வேடிக்கைப் பொருளாக்கும் நடையை அறவே தவிர்க்க.

2. கூட்டம் எவ்வளவு? ஐம்பது பேர் நெருக்கினால் வழிகாட்டியின் குரலும் கேளாது. தெருவில் குடியிருப்போர்க்கும் தொல்லை. அவர்களுக்கு அது காட்சிக்கூடமன்று, வீட்டு வாசல்.

3. சிறுவர்க்கு ஏற்றதா? காயங்களை விவரிப்பதும் பிணத்தின் படங்களைக் காட்டுவதும் உண்டா என்று வெளிப்படையாகக் கேட்க. உண்டெனில் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதிருப்பதே முறை.

4. கட்டணம் எப்படி? 'இலவசம்' என்று விளம்பரம் செய்யும் நடைகளில் முடிவில் அன்பளிப்பு எதிர்பார்க்கப்படும். அதை முன்பே அறிந்து செல்க.

5. பாதை எத்தகையது? எவ்வளவு தொலைவு, இடையில் அமர இடமுண்டா, முடியுமிடத்திலிருந்து பேருந்தோ இரயிலோ கிடைக்குமா என்பன முதியோர்க்கு மிக இன்றியமையாதவை.

இத்தனையும் கேட்டுச் சென்ற பின்னும் வழிகாட்டி இறந்தவரை எள்ளி நகையாடினால், நடுவிலேயே விலகி வந்துவிடலாம். கொடுத்த காசு போனால் போகட்டும்.

நம் அருகிலேயே ஒரு நடை

கடல் கடக்க வாய்ப்பில்லாதோர் வருந்த வேண்டா. தாராபுரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் திருப்பூர் உள்ளது. சென்னிமலையில் 1904-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமாரசாமி, 1932-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் அந்நகரத் தெருவில் தேசக்கொடியேந்தி ஊர்வலத்தில் நடந்தார். காவலரின் தடியடியில் மண்டை உடைந்து வீழ்ந்தபோதும் கொடியைக் கைவிடவில்லை. மறுநாள் உயிர்நீத்தார். கொடிகாத்த குமரனின் நினைவகம் இரயில் நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது.

சட்டத்தின் பெயரால் நிகழ்ந்ததும் கொடுமையே என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்த இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. பனியன் வாங்கவும் வேலைக்கும் எத்தனையோ முறை திருப்பூர் செல்கிறோம். அடுத்த முறை ஓர் அரைமணி நேரம் ஒதுக்கி, நிலையத்திலிருந்து நினைவகம் வரை பிள்ளைகளோடு நடந்து செல்லுங்கள். அவர் இறந்தபோது வயது இருபத்தேழு என்பதைச் சொல்லுங்கள். இராமாயி என்னும் இளம் மனைவி அன்று கைம்பெண்ணானார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். வழிகாட்டியாகத் தாயோ தந்தையோ அமையும் அந்நடைக்கு முன்பதிவு தேவையில்லை.