அந்தப் பத்தொன்பதாவது ஓவர்

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களின் கண் மேற்கே போய்விடும். மலைமேல் மேகம் இறங்கியிருக்கிறதா, குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் வந்துவிட்டதா, ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் விழுகிறதா என்பதுதான் டீக்கடையில் முதல் பேச்சு. ஏறக்குறைய அந்தச் சாரல் சீசன் நேரத்தில்தான் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டும் நடக்கிறது. கொஞ்ச வருஷமாகச் சீசன் நேரத்துப் பேச்சில் அருவிக்கு அடுத்த இடம் அந்த லீக்கில் ஆடும் நெல்லை ராயல் கிங்ஸுக்கு.

2019 நவம்பர் 22-ல் நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் வேறு, எஸ்.பி. வேறு என்றாகிவிட்டது. மனு கொடுக்க இனி நெல்லைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. கிரிக்கெட்டில் மட்டும் பாகப்பிரிவினை நடக்கவில்லை. அந்த அணி இன்றும் நம் அணிதான். கடையநல்லூரிலும் சுரண்டையிலும் பாவூர்சத்திரத்திலும் பையன்கள் அதற்காகத்தான் கத்துகிறார்கள். 2023-ல் அது இறுதிப் போட்டி வரை போன கதையைத் தென்காசிப் பக்கம் நின்று சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லீக் தொடங்கியது 2016-ல். நெல்லையின் பெயரில் அணி வந்தது 2021-ல். அதற்கு முன் அதே அணி காஞ்சியின் பெயரில் ஆடிக்கொண்டிருந்தது. முதல் வருஷம் பிளே-ஆஃப் எட்டவில்லை. 2022-ல் நிலைமை தலைகீழ். முதல் ஆட்டத்திலேயே சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸுடன் ஸ்கோர் சமமாகி, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. சஞ்சய் யாதவ் அந்தத் தொடரில் 452 ரன் குவித்தார். லீக் சுற்றில் யாராலும் தொட முடியாத அணியாக நின்றவர்கள், பிளே-ஆஃபில் முதல் குவாலிஃபயரில் சேப்பாக்கத்திடமும் இரண்டாவதில் கோவையிடமும் தோற்று வெளியே வந்தார்கள். நன்றாக ஆடிய அணிக்கு இறுதிப் போட்டி கிடைக்காமல் போனது அன்றைக்கு ரொம்பவே வலித்தது.

அடுத்த அடி ஏலத்தில் விழுந்தது. 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் இந்த லீக்கின் முதல் ஏலம் நடந்தது. சஞ்சய் யாதவ் 17.60 லட்சத்துக்குச் சேப்பாக்கம் போனார். பாபா அபராஜித்தும் அங்கேதான். அவருடைய இரட்டைச் சகோதரர் இந்திரஜித் திண்டுக்கல்லுக்கு. முந்தைய வருஷத்து நெல்லையின் தூண்கள் என்று யாரைச் சொல்வோமோ அவர்கள் எல்லாம் எதிரணியில். நெல்லை 15.20 லட்சம் கொடுத்து ஆல்ரவுண்டர் சோனு யாதவை எடுத்தது. அனுபவசாலி அருண் கார்த்திக் கேப்டன். எஞ்சியவர்களில் பெரும்பாலோர் சின்ன வயசுப் பையன்கள். அவர்களில் ஒருவர் அஜிதேஷ் குருசாமி.

ஜூன் மாதம் கோயம்புத்தூரில் நடந்த ஆட்டம் அவரை ஊருக்குக் காட்டியது. கோவை அணிக்காகச் சாய் சுதர்சன் 52 பந்தில் 90 அடித்திருந்தார். அந்தக் கோடையில் ஐ.பி.எல். இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 96 அடித்துவிட்டு வந்திருந்தவர் அவர். நெல்லைக்கு இலக்கு 182. அஜிதேஷ் தனி ஆளாக நின்று 60 பந்தில் 112 அடித்தார். பெரிய பெயர்கள் போய்விட்டதே என்ற கவலை அன்றோடு போயிற்று. தொடர் முடியும்போது அதிக ரன் எடுத்தவர் பட்டியலில் சாய் சுதர்சனுக்கும் மேலே, 385 ரன்னுடன் அஜிதேஷ்தான் முதலிடம்.

மூன்றாம் இடத்தில் லீக் சுற்றை முடித்த நெல்லைக்கு எலிமினேட்டர் சேலத்தில், மதுரை பாந்தர்ஸுடன். இருநூறுக்கு மேல் அடித்தும் நாலே நாலு ரன்னில்தான் தப்பித்தார்கள். அதைப் பற்றி இவ்வளவு போதும். ஏனென்றால் அடுத்த ஆட்டம், இரண்டாவது குவாலிஃபயர், சொந்த மண்ணில், திண்டுக்கல்லுக்கு எதிராக.

சொந்த மண் என்றால் தாழையூத்து சங்கர் நகர். நெல்லையிலிருந்து மதுரைச் சாலையில் போனால் வரும் ஊர். இந்தியா சிமென்ட்ஸின் முதல் ஆலை 1949-ல் எழுந்தது இங்கேதான். ஊருக்குப் பெயர் கொடுத்தவர் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய சங்கரலிங்க ஐயர். மைதானமும் ஆலையைச் சேர்ந்ததுதான். தென்காசியிலிருந்து போவதென்றால் பாவூர்சத்திரம், ஆலங்குளம், சீதபற்பநல்லூர் என்று நெல்லையைத் தொட்டு, ஊரைக் கடந்து வடக்கே திரும்ப வேண்டும். ஆட்டம் முடிய ராத்திரி பதினொன்று ஆகும். வீடு சேர ஒரு மணிக்கு மேல். அப்படியும் வேன் பிடித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

டி.வி.யில் சரியாகத் தெரியாத ஒன்று அங்கே உண்டு: காற்று. குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் அதே தென்மேற்குக் காற்றுதான். ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கி, சமவெளி முழுக்க அடித்துக்கொண்டு கிழக்கே போகிறது. அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் கயத்தாறு. அந்தக் காற்றை நம்பித்தான் அங்கே காற்றாலைகள் நிற்கின்றன. இந்தப் பக்கத்துப் பையனுக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டிய பாடம் இல்லை. ஆடி மாசத்தில் காற்றுக்கு எதிரே தூக்கி அடித்தால் பந்து எங்கே போகும், காற்றோடு தட்டிவிட்டாலே எங்கே போய் விழும் என்பது அவனுக்குப் பத்து வயசிலேயே தெரியும்.

2023 ஜூலை 10, திங்கட்கிழமை. முதலில் ஆடிய திண்டுக்கல் 185 ரன். அன்று நான் குற்றாலத்தில் இருந்தேன். ஐந்தருவிச் சாலையில் ஒரு சிப்ஸ் கடை. கடைக்காரர் நேந்திரங்காயைக் கொதிக்கிற எண்ணெய்க்கு நேர்மேலே பிடித்து, சீவுகட்டையில் சரக் சரக்கென்று சீவிக்கொண்டிருந்தார். எண்ணெய் டின்மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர்கள், சரக்கு வாங்க வந்தவர்கள், பக்கத்துக் கடைப் பையன்கள் என்று பத்துப் பதினைந்து தலைகள் அந்தச் சின்னத் திரைக்கு முன்னால்.

இரண்டு ஓவர் மீதி. தேவை 37 ரன். களத்தில் அஜிதேஷும் ரித்திக் ஈஸ்வரனும். “முடிஞ்சுட்டுல. பன்னெண்டு பந்துல முப்பத்தேழா?” என்று ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பினார். கிளம்பியவர் வாசல் தாண்டவில்லை. பத்தொன்பதாவது ஓவரின் முதல் பந்தை ஈஸ்வரன் சிக்ஸருக்கு அனுப்பினார். அடுத்ததும் அப்படியே. “அண்ணாச்சி, கால் கிலோ நேந்திரம்” என்று யாரோ கேட்க, “இரும் வே, இந்த ஓவர் முடியட்டும்” என்றார் கடைக்காரர். சீவுகட்டை நின்றுவிட்டது. கையில் பாதிக் காய். சிக்ஸருக்கு மேல் சிக்ஸர். சட்டியில் கிடந்த சிப்ஸ் சிவந்து கருகுவதைக் கடைசியில் ஒரு சின்னப் பையன்தான் பார்த்துச் சத்தம் போட்டான்.

அந்த ஒரு ஓவரில் 33 ரன். கடைசி ஓவரில் வேண்டியது நாலே நாலு. அதுவும் சும்மா முடியவில்லை. ஐந்து பந்தில் மூன்று ரன்தான் வந்தது. ஸ்கோர் சமம், பாக்கி ஒரு பந்து. ஈஸ்வரன் அதையும் சிக்ஸருக்கே தூக்கினார். அவர் 11 பந்தில் 39. அஜிதேஷ் கடைசி வரை நின்று 44 பந்தில் 73. ஈஸ்வரனின் ஆறு சிக்ஸர்களைத்தான் எல்லோரும் பேசினார்கள். எனக்கு அஜிதேஷின் ஆட்டமே பெரிது. மறுமுனையில் அவர் அதுவரை நின்றிருக்காவிட்டால் பத்தொன்பதாவது ஓவருக்கே வேலை இருந்திருக்காது.

இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, அதே மைதானத்தில் இறுதிப் போட்டி. எதிரே ஷாருக்கான் தலைமையில் கோவை கிங்ஸ். முந்தைய வருஷம் மழையால் இறுதிப் போட்டி முடியாமல் சேப்பாக்கத்துடன் கோப்பையைப் பகிர்ந்துகொண்ட அணி. இந்த முறை முழுக் கோப்பை வேண்டும் என்று வந்திருந்தது. சுரேஷ்குமார், முகிலேஷ், அதீக் உர் ரஹ்மான் மூவரும் அரை சதம். 205 ரன். நெல்லை 15 ஓவரில் 101-க்குச் சுருண்டது. ஜாதவேத் சுப்ரமணியன் நாலு விக்கெட் எடுத்தார். 104 ரன் தோல்வி.

ஏன் அப்படி விழுந்தது? என் கணக்கு இது: அந்த அணி அஜிதேஷை மிக அதிகமாக நம்பியிருந்தது. திங்கட்கிழமை கைகொடுத்த அதிரடி புதன்கிழமையும் வரும் என்று நினைத்தது. கோவையோ அப்படி ஒருவரை நம்பி வரவில்லை. பேட்டிங்கில் மூன்று பேர் பங்குபோட்டு அடித்தார்கள். கேப்டன் ஷாருக்கான் அந்தத் தொடரில் 17 விக்கெட்டுடன் பந்துவீச்சிலும் முதலிடம். நல்ல அணி ஜெயித்தது. அதில் எனக்குக் குறை இல்லை.

2024-லும் 2025-லும் நெல்லை பிளே-ஆஃப் எட்டவில்லை. 2024-ல் அஸ்வினின் திண்டுக்கல், 2025-ல் திருப்பூர் தமிழன்ஸ் என்று கோப்பை வேறு ஊர்களுக்குப் போனது. இந்தப் பக்கத்தில் அந்த ஒரு ராத்திரி இன்னும் பேச்சில் இருக்கிறது.

இனி, முதலில் சொல்ல வந்த காரணம். மாவட்டங்களில் இருக்கிற திறமையைக் கண்டுபிடிக்கத்தான் இந்த லீக் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள். அது வெறும் பேச்சாகப் போகவில்லை. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்த நடராஜன், 2016-ல் இந்த லீக்கில் திண்டுக்கல்லுக்கு ஆடி, மறுவருஷம் ஐ.பி.எல்., அதன்பின் ஆஸ்திரேலியாவில் ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார். வருண் சக்கரவர்த்தியும் மதுரை அணியில் இருந்து மேலே வந்தவர்தான். ஆனால் லீக்கில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் இன்றும் சென்னை கிளப்களின் வழியாகத்தான் வருகிறார்கள். ஊர்ப் பெயர் சட்டையில் இருக்கிறது. ஊர்ப் பையன் சட்டைக்குள் இருப்பது அரிது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலங்குளம், சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீர் வற்றிய குளத்துக்குள், பள்ளிக்கூட மைதானத்தில், எங்கும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். வேகமாகப் போடுகிறவன் இருக்கிறான், காற்று பார்த்து அடிக்கிறவன் இருக்கிறான். தையல் பந்தைத் தொட அவனுக்கு வழியில்லை. சென்னைக்குப் போய்த் தங்கி கிளப் ஆட்டம் ஆட வீட்டில் வசதியும் இல்லை.

கிரிக்கெட் சங்கத்தையும் நெல்லை ராயல் கிங்ஸ் நிர்வாகத்தையும் ஒன்று கேட்கிறேன். அடுத்த சீசனுக்கு முன்னால் தேர்வாளர்களைத் தென்காசிக்கு அனுப்புங்கள். ஒரு வாரம் முகாம் போடுங்கள். தையல் பந்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். அணியில் எடுக்க வேண்டும் என்றுகூட உடனே கேட்கவில்லை. நெட் பவுலராகவாவது நாலு பேரைத் தாழையூத்துக்கு அழைத்துப் போங்கள். மாவட்டம் பிரிந்த பிறகும் உங்களுக்காகக் கத்திக்கொண்டிருக்கிற ஊர் இது.