அடுப்புக்கரி போதும்

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளைச் சாதிவெறிக் கும்பல் எரித்தது. எரிந்த வீட்டை எண்ணலாம், நிவாரணம் தரலாம். அதைப் பார்த்துக்கொண்டு ஓடிய குழந்தையின் அச்சத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது?

வாயால் சொல்ல முடியாததைக் குழந்தை கோட்டில் சொல்லும். நாஜிகளின் தெரேசின் முகாமில் அடைக்கப்பட்ட ஓவியர் பிரீடல் டிக்கர் பிராண்டைஸ், அங்கிருந்த யூதக் குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். தாள் கிடைக்காதபோது பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம்தான். ஒவ்வொரு படத்திலும் குழந்தையின் பெயரை எழுதச் சொன்னார். முகாமில் எண்ணாக்கப்பட்டவர்களுக்குப் பெயர் பெரிய விஷயம். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைக்கப்பட்ட சுமார் 4,500 படங்கள் மிஞ்சின.

நம் ஊர் இரவுப் பாடசாலைகளில் கல்லூரி மாணவர்கள் இதை வாரம் ஒரு மணி நேரம் செய்யலாம். சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்களின் வேலை. தினக்காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை இவற்றின் பின்பக்கம் காகிதம். அடுப்புக்கரி கறுப்பு. செம்மண்ணுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. நிறம் உதிராமலிருக்கப் பசை வேண்டும்: புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, இடித்துக் காய்ச்சினால் ஆயிற்று. புளி உடைக்கும் நம் மாவட்டத்தில் கொட்டைக்கா பஞ்சம்? வேப்பங்குச்சியின் நுனியை நசுக்கினால் தூரிகை.

கடினமானது காசில்லாத பகுதிதான். எல்லா வாரமும் அதே நாள், அதே இடம். நடத்துபவர் வராமல் போனால் குழந்தைக்கு அது இன்னொரு ஏமாற்றம். பரிசும் மதிப்பெண்ணும் கூடாது. தீயை வரைந்தால் “நல்லதா ஏதாவது போடு” என்று தடுக்காதீர்கள்; “இது யார்?” என்று துருவவும் வேண்டாம். “இதைப் பற்றிச் சொல்லணுமா?” என்று ஒருமுறை கேளுங்கள். அது பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். படங்களை அவர்கள் அனுமதியின்றிச் சுவரில் ஒட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள். இரக்கம் சம்பாதிக்கும் ஆசை நம் தோழர்களுக்கும் உண்டு.

தூக்கமின்மை, படுக்கையில் சிறுநீர், பள்ளிக்குப் போக மறுப்பு என நீடித்தால் வண்ணம் போதாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.