அகழி வெட்டாது உருக்குக் குழாய் பதித்தல்: ஹெவ்லொக் டவுன் நிலம் குறித்து

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பில் அமைக்கப்பட்ட கழிவுநீர்க் குழாய்த் தொகுதி முதுமையுற்றுப் பழுதடைந்தமையாலேயே, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் பெருங்கொழும்புக் கழிவுநீர் முகாமைத்துவத் திட்டம் 2009 இல் வகுக்கப்பட்டது. ஹெவ்லொக் வீதி போன்ற நெரிசல் மிக்க வீதியில் அகழி வெட்டிக் குழாய் பதிப்பின் போக்குவரத்தும் வணிகமும் முடங்கும் என்பது யாவரும் கூறுவதே. குழியில் நிற்கும் தொழிலாளியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஈரமண் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ இரண்டு தொன் நிறையுடையது. மார்பளவு புதைந்தவன் மூச்செடுக்கவும் அது இடந்தராது.

அகழியற்ற முறைகள் இவ்வாபத்தை முற்றாக நீக்குவன அல்ல. பெரும்பாலும் இரு முனைக் குழிகளுக்குள் அதனை ஒடுக்குகின்றன. அவற்றின் சுவர்களுக்கு முட்டுக்கொடுத்தல் எளிது. நீரியல் உந்திகளால் குழாயைத் தள்ளும் முறை அமெரிக்க இருப்புப்பாதைப் பணிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கையாளப்பட்டது. திருகுத் துளையிடலில் குழாய் முன்னேறும்போதே உள்ளே சுழலும் திருகு மண்ணை வெளியேற்றும். அறைந்து செலுத்தும் முறையிலோ காற்றழுத்தச் சம்மட்டி குழாயின் பின்முனையை அடிக்கும். மண் உள்ளேயே அடைந்திருந்து இறுதியில் அகற்றப்படும். அவ்வடியைத் தாங்க உருக்கே வேண்டும்.

மண் எப்போது வெளியேறுகிறது என்ற இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், ஹெவ்லொக் டவுனில் அதுவே தீர்க்கமானது. கொழும்பின் மேட்டு நிலங்களிற் காணப்படும் செம்பூரான் மண் தானே நிற்கும் இயல்பினது. அங்கு திருகு போதும். தெற்கே பாமன்கடைப் பக்கம், கால்வாயோரத் தாழ்நிலங்களில் முற்றா நிலக்கரியும் மென்களியும் நிலக்கீழ் நீரும் எதிர்ப்படும். அங்கு திருகு குழாய் விளிம்பைக் கடந்து முந்துமாயின் சேறு உட்பாயும். மேலே வீதி சில நாட்களின் பின் தாழும். 600 மில்லிமீற்றர் குழாய் ஒரு மீற்றர் முன்னேறும்போது இடம்பெயர வேண்டிய மண் ஏறத்தாழ 0.28 கன மீற்றரே. தோண்டிய மண் சற்றுப் பொங்கும் எனினும், அதனினும் பன்மடங்கு வெளிவரின் எங்கோ வெற்றிடம் உண்டாகிறது என்பதே பொருள். தள்ளுவண்டிகளை எண்ணும் எவரும் இதனை அறியலாம்!

அறைதல் இவ்விடத்துக்குப் பாதுகாப்பானது. ஆயின் அதிர்வு பழைய வீடுகளின் சுவர்களைப் பிளக்கக்கூடும். தொடங்கியபின் திசைதிருப்பவும் இயலாது. ஆதலின் பெரிய உருக்கு உறைக்குழாயை முதலிற் செலுத்தி, கழிவுநீர்க் குழாயை அதனுள் உரிய சரிவில் அமைப்பர்.

1971 இல் கலிபோர்ணியாவின் பஹாரோ ஆற்றின் கீழ் மார்ட்டின் செரிங்டன் உருக்கு வாயுக்குழாயை இழுத்த திசைப்படுத்திய துளையிடல், அழுத்த நீர்க்குழாய்களுக்கே பெரிதும் ஏற்றது. ஆழங்குறைந்த மென்மண்ணில் அதன் பெந்தனைற்றுச் சேறு மேலே பீறிட்டுக் கால்வாயிற் கலக்கலாம்.

எனவே ஒப்பந்தத்தில் 'அகழியற்ற முறை' என்று மட்டும் எழுதுதல் போதாது. மண்ணாய்வுத் துளைகளின் பதிவுகள் முன்னரே பெறப்பட்டு, வீதியில் வாழ்வோரும் குழியில் இறங்குவோரும் பார்க்கத்தக்கதாக வைக்கப்படல் வேண்டும். அச்செலவைத் தவிர்ப்பவர் குழியில் இறங்குபவர் அல்லர்.