ஐந்து மில்லிமீட்டர் ரப்பரின் வரவு செலவு

மெர்சிடிஸ் பென்ஸின் W124 ரகக் கார் 1984 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை 25 லட்சத்துக்கும் மேல் தயாரானது. 1995-இல் புனேயிலும் அதைப் பூட்டத் தொடங்கினார்கள். அதன் முன்பக்க ஸ்பிரிங்கின் தலைமாட்டில் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும்; பட்டறையில் அதற்கு ஸ்பிரிங் பேட் என்று பெயர். அதன் கனம் நான்கு அளவுகளில் வருகிறது: 8, 13, 18, 23 மி.மீ. ஒவ்வொரு படிக்கும் 5 மி.மீ. வித்தியாசம். பேடின் விளிம்பில் உள்ள குமிழ்களை எண்ணினால் போதும், கனம் தெரிந்துவிடும். ஒரு குமிழ் என்றால் 8. நான்கு குமிழ் என்றால் 23.

இந்த நான்கு அளவுகளும் காரைத் தாழ்த்தி ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரே ரகத்தில் ஒரு காருக்கு ஏ.சி. இருக்கும், இன்னொன்றுக்குக் கூரைத் திறப்பு இருக்கும், மூன்றாவதில் கனமான டீசல் இன்ஜின் இருக்கும். ஒவ்வொரு சாதனத்துக்கும் புள்ளி போட்டுக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு ஏற்ற ஸ்பிரிங்கையும் பேடையும் தொழிற்சாலை தேர்ந்தெடுத்தது. ஆகவே உயரத்தை மாற்றும் வழி காருக்குள்ளேயே இருக்கிறது. காரைத் தாழ்த்த நினைப்பவர்களுக்கு இதைவிட நேர்மையான வழி இல்லை என்பேன். ஆனால் அதன் கணக்கு பேடின் விலையோடு முடிவதில்லை.

முதலில் நெம்புகோல் கணக்கு. முன் ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் ஆர்மின் மேல், உள்ளே தள்ளி நிற்கிறது. ஆர்மின் உள்முனையிலிருந்து அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் ஸ்பிரிங் இருப்பதாகக் கொள்வோம். பேடில் 5 மி.மீ. குறைத்தால் சக்கரத்தில் 7.5 மி.மீ. இறங்கும். மூன்று குமிழ் பேடை எடுத்துவிட்டு ஒரு குமிழ் பேடைப் போட்டால் ரப்பரில் குறைவது 10, காரில் இறங்குவது 15 மி.மீ. ஏற்கெனவே ஒரு குமிழ் பேடுடன் இருக்கும் காரில் இந்த வழிக்கு இடமே இல்லை. பேடை அடியோடு நீக்கி ரப்பரில் இன்னும் 8 மி.மீ. சம்பாதிக்கலாம் என்று சொல்வோர் உண்டு. அதைச் செய்யக் கூடாது. இரும்பும் இரும்பும் உரசினால் சத்தம் வரும், பெயின்ட் தேயும், அங்கிருந்து துரு பிடிக்கும்.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். புது டயரின் பட்டன் 8 மி.மீ. ஆழம், சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6. டயர் தேய்ந்தே கார் 6.4 மி.மீ. இறங்கிவிடுகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு படி பேடுக்குச் சமம். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் இந்தக் குழப்பம் வராது. நான்கு மூலையிலும் அளந்து எழுதிவையுங்கள்.

இனி ரூபாய்க் கணக்கு. விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் முழு எண்களாக வைத்துப் பார்க்கிறேன். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். பேடு ஒன்று 1,000 என்றால் இரண்டு பேடு 2,000. கூலி 4,000. வீல் அலைன்மென்ட் 1,000. மொத்தம் 7,000. இதில் ரப்பரின் பங்கு 29 சதவீதம்தான். 5 மி.மீ. குறைத்தாலும் 15 மி.மீ. குறைத்தாலும் கூலி ஒன்றே, ஏனென்றால் இரண்டுக்கும் ஸ்பிரிங்கைக் கழற்றியாக வேண்டும். அளக்காமல் போட்டுவிட்டு மறுபடி கழற்றினால் இன்னொரு 5,000 போகும். கூலியில் பேரம் பேச வேண்டாம். ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ என்றால், அதே நெம்புகோல் கணக்குப்படி ஸ்பிரிங் தாங்குவது 450 கிலோ. ஸ்பிரிங்குக்குள் விட்டு அதை இறுக்கும் தட்டு வகைக் கம்ப்ரஸர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது. அந்தச் சுருள் நழுவினால் மெக்கானிக்கின் உயிர் போய்விடும்.

ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிடுவது செலவில்லாத வழி. ஆனால் வேலை செய்யும் எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால் மிச்சமிருப்பது 14 சதவீதம் விறைப்பாகிறது. அறுத்ததை ஒட்டவும் முடியாது. பேடு மாற்றினால் விறைப்பு துளியும் மாறாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவு அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அறுக்க ரம்பம் எடுப்பவர் இதையும் செலவில் எழுத வேண்டும்.

நம் சாலையில் பெரிய செலவு வேகத்தடைதான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம். இந்தக் காரின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2.8 மீட்டர். மேட்டின் உச்சி காரின் நடுவில் வரும்போது சக்கரங்களும் மேட்டின் மேலேயே நிற்பதால் வயிற்றுப் பகுதி இழப்பது 58 மி.மீ. மட்டுமே. தரை இடைவெளி 150 என்றால் 92 மிஞ்சும். முன்னும் பின்னும் 15 தாழ்த்தினால் 77. ஊருக்குள் யார் யாரோ கட்டிவைத்த குறுகிய தடைகளில் இந்தக் கணக்கு செல்லாது. சக்கரங்கள் இரண்டு பக்கமும் தரையில் நிற்க, தடையின் முழு உயரமும் வயிற்றுக்கடியில் வரும். 130 மி.மீ. உயரத் தடையில் முன்பு 20 மிஞ்சியது, இப்போது 5. நான்கு பேர் ஏறினால் அதுவும் இல்லை.

முன்பக்கத்தை மட்டும் தாழ்த்துகிறவர்கள் ஹெட்லைட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 60 செ.மீ. உயர விளக்கின் டிம் ஒளி 100-க்கு 1 சரிவில் இறங்கினால் 60 மீட்டரில் தரையைத் தொடும். முன்பக்கம் 15 மி.மீ. இறங்கினால் சரிவு 1.54 ஆகும், ஒளி 38 மீட்டரிலேயே விழும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இழந்த 22 மீட்டர் 1.3 வினாடிப் பார்வை. பின்பக்கத்தையும் அதே அளவு இறக்கினால் இழப்பு ஒன்றரை மீட்டர்தான், ஆனால் இன்னொரு ஜோடிப் பேடும் கூலியும் சேரும். அவ்வளவு செலவுக்கு மனமில்லாதவர் விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகை அன்றைக்கே திருப்பி, சுவரில் ஒளிக்கோட்டைப் பார்த்துச் சரிசெய்துவிட்டே காரை வெளியே எடுக்க வேண்டும்.