அணிக்கு ஒரு பெயர்: கூடைப்பந்தும் மறுவாழ்வும்

மருத்துவமனையில் சேர்ந்த நாள் முதல் ஒருவருக்குப் புதிய பெயர்கள் பல வந்து சேர்கின்றன. மூன்றாம் படுக்கைக்காரர், தீக்காய நோயாளி, தண்டுவடக் காயம் பட்டவர் என்று பிறர் இட்ட பெயர்கள் அவை. சிகிச்சையின் வசதிக்கு அவை தேவைப்படலாம். எனினும், அவற்றுள் ஒன்றையேனும் அந்த மனிதர் தாமாகத் தேர்ந்தெடுத்ததில்லை. உடல் ஓரளவு தேறி, பயிற்சிக்காகக் கூடைப்பந்தைக் கையில் எடுத்து, இன்னும் நால்வரோடு சேர்ந்து ஆடத் தொடங்கும்போது, "நம் அணிக்கு என்ன பெயர் வைக்கலாம்?" என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை சொல்லும் உரிமை ஆடுபவர்களுக்கே உரியது. சிறிய செயலாகத் தோன்றினும், தம்மைத் தாமே பெயரிட்டு அழைத்துக்கொள்ளும் அந்த உரிமை மறுவாழ்வின் ஒரு பகுதியாகும்.

மருத்துவமனையில் பிறந்த அணிகள்

கூடைப்பந்தின் பெயரே ஒரு மாணவர் சொன்னதுதான். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கினார். ஃபிராங்க் மாகன் என்ற மாணவர் முதலில் ஆசிரியரின் பெயரையே ஆட்டத்துக்குச் சூட்ட விரும்பினார். நெய்ஸ்மித் சிரித்து மறுத்துவிட்டார். கூடையும் பந்தும் இருக்கின்றனவே, கூடைப்பந்து என்றே அழைக்கலாமே என்று மாணவர் கூறியதை ஏற்றுக்கொண்டார்.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்தோ மருத்துவமனைகளிலேயே பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் காயமுற்று, அமெரிக்க மருத்துவமனைகளில் தங்கியிருந்த வீரர்கள் 1940களின் நடுவில் அதை ஆடத் தொடங்கினர். கலிபோர்னியாவின் பர்மிங்காம் மருத்துவமனையில் அமைந்த அணி 'ஃப்ளையிங் வீல்ஸ்', அதாவது 'பறக்கும் சக்கரங்கள்' என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்று ஆடியது. நாற்காலியின் சக்கரத்தை அந்தப் பெயர் மறைக்கவில்லை, இரக்கத்தையும் கேட்கவில்லை. இன்றும் ஆஸ்திரேலியாவின் ஆடவர் சக்கர நாற்காலி அணி 'ரோலர்ஸ்' என்றும், மகளிர் அணி 'கிளைடர்ஸ்' என்றும் அழைக்கப்படுகின்றன. ஒன்று உருள்வதையும் மற்றொன்று வழுக்கிச் செல்வதையும் குறிக்கும். காயத்தின் பெயரைச் சூடாமல், தம் இயக்கத்தின் பெயரை அந்த அணிகள் சூடிக்கொண்டன.

இந்தியாவில் இந்த ஆட்டத்துக்கான கூட்டமைப்பு 2014-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. அதை நிறுவிய மாதவி லதா, குழந்தைப் பருவத்தில் போலியோவால் பாதிக்கப்பட்டுப் பின்னாளில் நீச்சல் வீராங்கனையாக விளங்கியவர்.

தொழிலும் ஊரும் தரும் பெயர்கள்

அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரில் ஃபிரெட் சோல்னர் என்பவர் பிஸ்டன் தயாரிக்கும் தொழிற்சாலை நடத்தினார். அவர் தொடங்கிய அணிக்குப் 'பிஸ்டன்ஸ்' என்றே பெயர். 1957-இல் அந்த அணி கார்த் தொழிலுக்குப் புகழ்பெற்ற டெட்ராய்ட் நகருக்கு இடம்பெயர்ந்தபோது, பெயர் அந்த ஊருக்கும் பொருந்தியது. தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் காரைக்குடி அணி 'காளை' என்று பெயர் சூடியது. சேப்பாக் அணியின் 'கில்லீஸ்' என்ற பெயர் நம் கிட்டிப்புள் ஆட்டத்தை நினைவூட்டுவது.

விருதுநகர் மக்களுக்குப் பெயர் மாற்றம் புதிதன்று. விருதுபட்டி 1923-இல் விருதுநகர் ஆயிற்று. 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்த மாவட்டம் முதலில் காமராஜர் பெயரைத் தாங்கி, பின்னர் ஊரின் பெயரையே பெற்றது. நம் மண்ணில் பெயருக்கான ஊற்றுகளும் குறைவில்லை. கரிசல் நிலம் இருக்கிறது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் இருக்கின்றன. திருவில்லிபுத்தூர் மலைக்காட்டில் மரத்துக்கு மரம் தாவும் சாம்பல்நிற அணில் இருக்கிறது. உயரத் தாவிப் பந்தைக் கூடையில் சேர்க்கும் அணிக்கு 'மலை அணில்கள்' என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்! சிரிக்க விரும்பும் அணி 'சாத்தூர் காராச்சேவு' என்றுகூடச் சூட்டிக்கொள்ளலாம்.

வெடியா, ஒளியா?

சிவகாசி வட்டாரத்தில் அணி ஒன்று கூடினால், 'சரவெடி', 'அணுகுண்டு' போன்ற பெயர்களே இளைஞர்களின் நாவில் முதலில் வரும். ஊரின் உழைப்பைப் பறைசாற்றும் பெயர்கள் என்பதால் அவற்றில் பெருமிதமும் உண்டு. ஆனால், ஒரே சொல் எல்லாச் செவிகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. பட்டாசு ஆலையில் 'மருந்து' என்றால் வெடிக்கலவை. மருத்துவமனையில் அதே சொல் நலம் தருவது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் பகுதி மறக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய்க்கு, 'வெடி' என்ற முழக்கம் எதை நினைவூட்டும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வாஷிங்டன் நகரின் கூடைப்பந்து அணி நெடுங்காலம் 'புல்லட்ஸ்', அதாவது 'தோட்டாக்கள்' என்று அழைக்கப்பட்டது. நகரில் துப்பாக்கி வன்முறை மலிந்திருந்த நிலையில், அதன் உரிமையாளர் ஏப் போலின் அப்பெயரைக் கைவிட முடிவு செய்தார். ரசிகர்களின் கருத்தும் கேட்கப்பட்டு, 1997-இல் அந்த அணி 'விஸார்ட்ஸ்' ஆயிற்று.

இதனால் பட்டாசுத் தொழிலின் சொற்களையே விலக்க வேண்டும் என்பது பொருளன்று. தொழிலின் சொற்களில் ஓசையைக் குறிப்பவை உண்டு. ஒளியைக் குறிப்பவையும் உண்டு. மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம் ஆகியவை பின்னவை. சக்கர நாற்காலியில் சுழன்று ஆடுபவர்களுக்குத் 'தரைச்சக்கரம்' என்ற பெயர் ஊரையும் தொழிலையும் ஆட்டத்தையும் ஒருசேரச் சொல்லும். ஆயினும், தீக்காயமுற்ற ஒருவருக்கு அந்தச் சொல்லும் கசக்கலாம்; மற்றொருவர் 'சரவெடி'யையே விரும்பிக் கேட்கலாம். முடிவு, பெயரைத் தாங்கப்போகிறவர்களுடையது.

தேர்ந்தெடுக்கும் முறை

1. அணியினர் ஒவ்வொருவரும் இரண்டு பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதட்டும். எழுதியவர் யார் என்பது தெரிய வேண்டாம். கையால் எழுத இயலாதவர் சொல்ல, பிறர் எழுதலாம்.

2. எல்லாப் பெயர்களையும் உரக்கப் படியுங்கள். மனத்தை வருத்தும் பெயர் எதுவாயினும் அதை நீக்கக் கோரும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. காரணம் கேட்க வேண்டாம்.

3. எஞ்சியவற்றைக் கூவிப் பாருங்கள். கூடைப்பந்தில் பந்தைப் பெற்ற அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும். அத்தகைய விரைவான ஆட்டத்தில் நீண்ட பெயர் முழக்கமாக எழாது. ஓரிரு சொற்கள் போதும்.

4. சீருடையில் எழுதுவதுபோல் தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பாருங்கள். அச்சுக்கூடங்கள் நிறைந்த சிவகாசிக்காரர்களுக்கு, அச்சேறிய பின் திருத்துவது எவ்வளவு கடினம் என்று சொல்ல வேண்டியதில்லை.

5. ஒரு வாரம் கழித்து வாக்கெடுங்கள். முதல் நாள் சிரிப்பை மூட்டிய பெயர், ஏழாம் நாளும் பிடித்திருக்கிறதா என்பது அப்போது தெரியும்.

உடனிருப்போருக்கு

சிகிச்சைக் காலம் முழுவதும் நோயாளிக்காகப் பேசியவர்கள் நீங்கள். மருத்துவரிடம் வலியை எடுத்துச் சொன்னதும், படிவங்களை நிரப்பியதும் நீங்களே. இந்த ஒன்றில் மட்டும் சற்று ஒதுங்கி நில்லுங்கள். உங்கள் மகனோ கணவரோ தேர்ந்தெடுத்த பெயர் உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். அது அவர்கள் நெடுநாளுக்குப் பின் தாமாக எடுத்த முடிவு. அந்தப் பெயரைச் சொல்லிக் கைதட்டுவதே நீங்கள் செய்யக்கூடிய பேருதவி.

பெயர் முடிவானதும் ஆடுகளத்தில் இறங்கும் ஆவல் எழும். அதற்கு முன் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் ஒப்புதல் பெறுங்கள். தோல் ஒட்டுச் சிகிச்சை செய்த இடங்களில் வியர்வை குறைவாகவே சுரக்கும். தண்டுவடக் காயத்திலும், பாதிப்புக்குக் கீழுள்ள பகுதிகளில் அவ்வாறே நேரலாம். எனவே நம் ஊர் வெயிலில் உடல் எளிதில் சூடேறும். காலையிலோ மாலையிலோ ஆடுங்கள். அடிக்கடி நீர் அருந்துங்கள். சக்கர நாற்காலியில் ஆடுபவர்கள் இடையிடையே உடலை உயர்த்தி அழுத்தத்தைக் குறைப்பதும், ஆட்டம் முடிந்தபின் தோலில் சிவப்போ புண்ணோ உள்ளதா என்று பார்ப்பதும் அவசியம்.

சக்கர நாற்காலிக் கூடைப்பந்திலும் கூடையின் உயரம் 3.05 மீட்டர்தான், ஆடுகளமும் அதே 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டதுதான். உடலின் இயங்குதிறனுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி வழங்கப்படுகிறது; சர்வதேச விதிப்படி களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே, குறைந்த புள்ளி பெற்றவருக்கும் அணியில் இடம் உறுதி. அந்தப் புள்ளியை விதி தருகிறது. சீருடையில் எழுதப்படும் பெயரை நீங்களே தேர்ந்தெடுங்கள்.